மின்சாரம் போவதே இல்லை, மாப்பிள்ளை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அத்தை, என் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். அங்கு நீங்களும் என் மகளும் சௌக்கியம் என்பது தினமும் போனில் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் கடிதம் என்று எடுத்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும், கேட்டுவிட்டேன். ஏன் போனில் சொல்லாமல் தாளை எடுத்தேன் என்றால், நான் போனை எடுத்தாலே உங்கள் அத்தை பக்கத்தில் வந்து ஸ்பீக்கரைத் தட்டிவிடுகிறாள். இது ஸ்பீக்கரில் போடக்கூடிய விஷயம் அல்ல.

எரிசக்தித் துறையில் நீங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து எழுதிய கொள்கையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். மின்சாரம் கட்டுப்படியாக வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், நீடித்து நிற்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறீர்கள். என் மகளுக்கு வரன் தேடியபோது தரகரிடம் நாங்கள் சொன்னதும் இதே மூன்றுதான். இரண்டு விஷயத்திலும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் சோலார் தகடு வந்துவிட்டது, படிக்கட்டு முடிகிற இடத்தில் பீரோ மாதிரி பேட்டரி வந்துவிட்டது, தானாகவே கணக்கு அனுப்புகிற மீட்டர் வந்துவிட்டது, பில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. எல்லாம் சரி மாப்பிள்ளை. ஆனால் கரண்டு போகவே மாட்டேன் என்கிறதே, அதற்கு என்ன செய்வது?

சிரிக்காதீர்கள். நான் என்ன வேலை பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் எப்படிப் பார்த்தேன் என்று தெரியாது. மின்சார ஆபீசில் ஒரு மேஜை, ஒரு ஜன்னல், ஒரு கறுப்புப் போன். கரண்டு போனால் ஊரே அந்தப் போனில் வந்து என்னைத் திட்டும். கம்பத்தில் ஏறுவது வேறு ஆள், ஃபியூஸ் போடுவது வேறு ஆள், திட்டு வாங்குவது மட்டும் நான். "எப்ப சார் வரும்?" என்பார்கள். "வந்துட்டே இருக்குங்க" என்பேன். ஏதோ கரண்டு பஸ் பிடித்து வருகிற மாதிரி. ஆனால் அந்தக் குரல்கள் இருக்கின்றனவே! ஐஸ் கம்பெனிக்காரர் 'ஹலோ' சொல்வதற்கு முன்பே பெருமூச்சு விடுவார். தையல்காரர் முதலில் என் உடம்பை விசாரித்துவிட்டு அப்புறம் திட்டுவார். முகம் பார்க்காத அத்தனை பேரையும் எனக்குத் தெரியும். யாருக்கு ஜலதோஷம், யார் வீட்டில் விருந்தாளி, எல்லாம் குரலிலேயே வந்துவிடும்.

அப்படி வந்த குரல்களில் ஒன்றுதான் உங்கள் அத்தை. அவள் அப்பா கோழிக்குஞ்சு பொரிக்கிற பண்ணை வைத்திருந்தார். மெஷினுக்குள் முட்டை இருக்கும், கரண்டு நின்றால் சூடு நின்றுவிடும். முதல் தடவை அவள் போன் செய்தபோது நான் வழக்கம்போல வந்துட்டே இருக்குங்க என்றேன். "அதுவரைக்கும் நீங்க வந்து அடைகாப்பீங்களா?" என்றாள். இருபத்தைந்து வயதுப் பையனிடம் ஒரு பெண் கேட்கிற கேள்வியா இது? அதற்குப் பிறகு அவர்கள் பக்கம் கரண்டு போனால் கம்பத்துக்காரரின் காலில் விழாத குறையாக அனுப்பிவைப்பேன், போன் வருவதற்கு முன்னால் கரண்டு வந்துவிட்டால் எனக்கே வருத்தமாகவும் இருக்கும். ஒருநாள் சாயங்காலம் ஊரெல்லாம் விளக்கு எரிகிறது, போன் அடிக்கிறது, அவள்தான். "என்ன, இன்னிக்குக் கரண்டு போகலையா?" என்றாள். "போகலைங்க" என்றேன். "சரி, சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டாள். அடுத்த மாதம் பெண் பார்க்கப் போனோம்.

கல்யாணத்துக்குப் பிறகும் கரண்டு போவது எங்களுக்கு நல்ல நேரமாகத்தான் இருந்தது. பட்டென்று இருட்டானதும் தெரு மொத்தமும் 'ஓ' என்று ஒரு குரல் கொடுக்கும். எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். விசிறி ஒரு கையில், வம்பு ஒரு வாயில். எங்கள் தெருவுக்கே குடிவந்துவிட்ட தையல்காரர் பேய்க்கதை சொல்வார், பேய்க்குச் சட்டை அளவெடுத்த கதை. என் மகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சுவரில் விரலால் முயல் செய்வாள். அந்த முயலுக்குக் காது மூன்று. கேட்டால் 'அது இப்படித்தான்' என்பாள். வீட்டில் கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் செய்வாள்.

இப்போது தெருவில் எந்நேரமும் பகல். ஒரு வாசலிலும் ஒருவர் இல்லை. உங்கள் அத்தை, மிச்சமாகும் சோலார் கரண்டை விற்கிற தெரு மின்சாரக் கமிட்டியில் செயலாளர் ஆகிவிட்டாள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்குப் பக்கத்தில் செல்போன். "இன்னிக்கு மூணு யூனிட் வித்திருக்கோம்" என்கிறாள். ரசத்தில் உப்பு இல்லை என்றேன். "மேகமா இருந்துச்சுல்ல, அதான் மூணு" என்கிறாள். நான் பேசுவதும் அவள் பேசுவதும் வேறு வேறு தண்டவாளத்தில் போகிறது.

ஆகவே போன வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் மெயின் சுவிட்சை அணைத்தேன். ஆமாம், நான்தான். அணைத்தால் உங்கள் பேட்டரி கண் சிமிட்டாமல் வேலைக்கு வந்துவிட்டது, டிவியில் பாடுகிறவனுக்கு மூச்சுகூட மாறவில்லை. விடுவேனா, மாடிக்கு ஏறிப் போய் பேட்டரியையும் நிறுத்தினேன். வீடு இருண்டது. அப்பாடா என்று மொட்டை மாடியில் ரெண்டு எட்டு வைத்துக் காற்று வாங்கினேன். அந்தக் காற்றே கதவை அறைந்தது. தாழ்ப்பாள் உள்பக்கம், நான் வெளிப்பக்கம்.

கீழே உங்கள் அத்தை புகார் நம்பருக்குப் போட்டிருக்கிறாள். அங்கே இப்போது மனிதர் கிடையாது. ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு மெஷின். அவள் அதையும் ரெண்டு வார்த்தை திட்டிப் பார்த்திருக்கிறாள், அதற்கு ரோஷமே வரவில்லை. அப்புறம்தான் என் செல்போன் அடித்தது.

"என்னங்க, கரண்டு போச்சு."

"தெரியும்."

"எப்ப வரும்?"

"வந்துட்டே இருக்குங்க" என்றேன். வாய்ப் பழக்கம் மாப்பிள்ளை, நானாகச் சொல்லவில்லை.

அவள் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பு போனில் ஒரு தரமும் படிக்கட்டில் ஒரு தரமுமாகக் கேட்டது. ஏறி வந்து கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

"கதவைத் திற."

"இருங்க, திறக்கிறேன். எப்பவாச்சும்தானே பேசறோம். அந்த ஐஸ் கம்பெனிக்காரர் என்ன ஆனாரு?"

ஐஸ் கம்பெனிக்காரரில் ஆரம்பித்து, முதல் முதலாக வாங்கிய மின்விசிறி, அவள் அப்பா, பிறக்காமல் போன எங்கள் முதல் பிள்ளை என்று எங்கெங்கோ போனோம். நடுவில் கதவு. முகம் தெரியாவிட்டால் அவளோடு எனக்கு நன்றாகப் பேச வருகிறது, ஆதியிலிருந்தே அப்படித்தான்.

அதற்குள் உங்கள் மீட்டர் கோள் மூட்டிவிட்டது. தெருவில் எல்லார் செல்போனிலும் இந்த வீட்டில் இருட்டு என்று மணி அடித்து, தையல்காரர் டார்ச்சோடு ஓடி வந்து, கதவைத் திறந்து, "ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க?" என்றார். இந்த வயதில் எங்களைப் பார்த்து அந்தக் கேள்வி! மறுநாள் காலை ஒரு இன்ஜினியர் பெண் வந்தார். நல்ல பெண், பணிவான பெண். பேட்டரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உங்கள் அத்தை என் மானத்தைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று, முகத்தில் ஒரு கோடு மாறாமல், "அது தானா நின்னுபோச்சும்மா" என்றாள். நான் மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். விளைவு என்னவென்றால், பேட்டரியில் கோளாறு, ஒரே வண்டியில் வந்த சரக்கு, தெருவில் உள்ள அத்தனையையும் கழற்றிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவர் எழுதிக்கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் லாரி வருகிறது.

மாப்பிள்ளை, பேட்டரி நிரபராதி. கொள்கை எழுதிய உங்களுக்கு அவப்பெயர் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஆனால் மனசைத் தொட்டுச் சொன்னால், கழற்றிக்கொண்டு போகட்டுமே என்றும் இருக்கிறது. அல்லது உங்கள் கொள்கையில் கடைசியாக ஒரு வரி சேருங்கள்: வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் நாடு முழுக்கக் கரண்டு கிடையாது, அவரவர் வாசலில் உட்காரவும். கட்டுப்படியாகும், புகை வராது, எத்தனை காலத்துக்கும் நிற்கும்.

என் மகளைத் தலையணை உயரம் சரியாக வைத்துப் படுக்கச் சொல்லவும். நீங்கள் ஆபீசில் நேரத்துக்குச் சாப்பிடவும். உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள் குறைவில்லாமல், தடையில்லாமல் வந்துகொண்டே இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன். ஸ்டாம்பு வாங்கப் போவதற்குள் புயல் வந்துவிட்டது. பிரித்து எழுதுகிறேன். ஊர் முழுக்கக் கம்பங்கள் சாய்ந்து இரண்டு நாளாக இருட்டு, எங்கள் தெருவில் மட்டும் பேட்டரி புண்ணியத்தில் விளக்கு. அடுத்த தெருவிலிருந்து ஒருவர் கைக்குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு மழையில் ஓடி வந்தார். குழந்தைக்கு இழுப்பு. மருந்துப் புகை கொடுக்கிற மெஷின் கையில் இருக்கிறது, போட பிளக் இல்லை. எங்கள் கூடத்தில் போட்டோம். அந்த மெஷின் உஸ் உஸ் என்கிறது, நாங்கள் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு குழந்தையின் நெஞ்சையே பார்க்கிறோம். நெஞ்சு குழி விழுவது நின்று, குழந்தை கண்ணைத் திறந்து உங்கள் அத்தையின் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்குக் கணக்கில்லை. செல்போன் சார்ஜ் போட, தண்ணீர் மோட்டார் போட, சும்மா உட்கார. அந்த இன்ஜினியர் பெண்ணும் நனைந்துகொண்டே வந்தார். அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன ஐயா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் சிரித்துவிட்டார். லாரி வராது. ஆகவே மேலே எழுதிய அனைத்தும் ரத்து. அந்த ஒரு வரியையும் சேர்க்க வேண்டாம். யாராவது இந்தப் பேட்டரிக்கு அரசு தருகிற மானியத்தைக் குறைக்கலாம் என்று பேசினால் நீங்கள் எழுந்து நின்று சண்டை போடவும், வேலை போனாலும் பரவாயில்லை, நாங்கள் இருக்கிறோம். இன்று காலை எல்லாரும் போய்விட்டார்கள். வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் கிடக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை. உங்கள் அத்தை உள்ளே எடுத்து வைக்கப் போனாள். வேண்டாம், இருக்கட்டும், தேடிக்கொண்டு வருவார்கள் என்று சொல்லிவிட்டேன்.