பேரம் பேசாமல் வாங்கிய பானை

பொருள் வாங்கத் தெரியாதவனைக் கடைக்கு அனுப்பக் கூடாது. அவனே கிளம்பிப் போனால் கட்டிப்போட வேண்டும். என்னை யாரும் கட்டிப்போடாததால், நல்ல உடல்நிலையில் இருந்த ஒரு மனிதரை ஒரே பிற்பகலில் சாகடித்தேன். அவர் பிறகு என் மாமனார் ஆனார்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சித்தூரில் ஒரு அலுவலகத்தில் தற்காலிக குமாஸ்தா. ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருடங்கள் ஆகியும், எந்தக் கிராமம் ஆந்திராவுக்கு, எது சென்னைக்கு என்ற பேச்சு ஓயவில்லை. எந்த ஊரில் எத்தனை வீட்டில் தமிழ், எத்தனை வீட்டில் தெலுங்கு என்று வரும் காகிதங்களைப் பார்த்துப் பிரதி எடுப்பது என் வேலை. (எல்லையைக் கோடு போட்டுப் பிரிப்பதே நான்தான் என்ற நினைப்பில் திரிந்தேன்.)

புத்தூருக்கும் நாராயணவனத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் கன்னையா என்ற விவசாயி இருந்தார். அவருடைய மகள் பூங்காவனத்தைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. சோறு இறங்கவில்லை. கன்னையாவுக்கு என்னைப் பிடித்ததா என்பதுதான் தெரியவில்லை.

"இன்னைக்கு சித்தூர்ல கீறீங்க. நாளைக்குத் திருத்தணிக்கு மாத்துவான். அது வேற ராஜ்யமாப் பூடுச்சின்னுவான். பொண்ணக் குடுத்துட்டு நான் எங்க போய்த் தேடறது?" என்றார். பிறகு கொஞ்சம் இரங்கி, "புது வூட்டுக்குப் பால் காய்ச்சறோம். வாங்க தம்பி, அப்ப ஒரு முடிவு சொல்றேன்" என்றார்.

வெறுங்கையோடு போக முடியுமா? எல்லோரும் கடையிலிருந்து பீங்கான் தட்டும் எவர்சில்வர் டம்ளரும் வாங்கி வருவார்கள். நான் அப்படிச் செய்யக் கூடாது. கல்லூரியில் 'குடிசைத் தொழிலும் நமது கடமையும்' என்று கட்டுரை எழுதி மூன்றாம் பரிசு வாங்கியவன் நான். (எழுதியதே மூன்று பேர்தான்.) செய்கிறவர் வீட்டுக்கே போய், அவர் கையாலேயே வாங்க வேண்டும், கேட்ட விலையில் ஒரு காசுகூடக் குறைக்கக் கூடாது. கட்டுரையில் இதை இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன்.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் நாராயணவனத்தில் போய் இறங்கினேன். இறங்கியதும் மழை கொட்டித் தீர்த்தது. தெப்பமாக நனைந்துவிட்டேன். சட்டையைக் கழற்றிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, ஈர வேட்டியோடு குயவர் வீதிக்குப் போனேன். சுப்பராயன் என்ற குயவர் சூளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நல்ல பானையாக ஒன்று வேண்டும்" என்றேன்.

"ஒண்ணு போதுமா தம்பி?"

"ஒன்று போதும்."

"யார் வூட்டுக்கு?"

கன்னையா வீட்டுக்கு என்றேன். அவர் மெல்ல எழுந்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கலையை மதிக்கிறவனைக் கண்டால் கலைஞன் இப்படித்தான் நெகிழ்ந்துபோவான் என்று எனக்குத் தோன்றியது. ஒரு பானையைக் கொண்டுவந்து என் முன் வைத்தார்.

"தட்டிப் பாக்க வேணாமா?"

"வேண்டாம். உங்கள் கைமேல் நம்பிக்கை இருக்கிறது."

விலை சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர் என்னையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நல்ல மனுசன்" என்றார். நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்து ஒரு முறம் வாங்க ஊர்க்கோடியில் கூடை முடைகிறவரிடம் போனேன். தெலுங்குக்காரர். ஈரம் காயாத முறத்தை முடைந்து முடிக்கும்வரை காத்திருக்கச் சொன்னார். இரண்டு மணி நேரம் போனது. நடுவில் யாரோ வந்து அவர் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் முறத்தை அப்படியே கீழே போட்டுவிட்டு, நீளமான இரண்டு பச்சை மூங்கிலை வெட்டி என் தோளில் வைத்தார். காசை நீட்டினேன். "டப்புலு ஒத்து நாயனா" என்று கைகூப்பினார். பணம் வேண்டாமாம். பந்தல் போடத்தான் கொடுக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். என் கட்டுரையில் எழுதியதைவிட நிஜமான மனிதர்கள் உயர்ந்தவர்கள் என்று நினைத்து, நடக்கும்போது எனக்குக் கண்கூடக் கலங்கியது.

கிராமத்தை நெருங்கும்போதே கன்னையாவின் புது வீட்டு வாசலில் பெருங்கூட்டம். ஊரில் மனிதருக்கு இவ்வளவு செல்வாக்கா என்று வியந்தேன். கிட்டே போனால் அழுகைச் சத்தம். கன்னையா ஏணிமேல் நின்று மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். ஏணிக்குக் கீழே ஒரு அம்மாள் தலைவிரிகோலமாக அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினார். அவர் தங்கை ராஜம்மா. நாராயணவனத்தில் கட்டிக்கொடுத்தவர், கிணற்றுத் தகராறில் அண்ணனோடு எட்டு வருடமாகப் பேச்சில்லை.

என்னைப் பார்த்ததும் கூட்டம் வழிவிட்டது. வெறும் உடம்பு, ஈர வேட்டி, கையில் புதுப்பானை, தோளில் இரண்டு பச்சை மூங்கில்.

கன்னையா நிதானமாக இறங்கி வந்தார். "யாருய்யா செத்தது?" என்று கேட்டார்.

"நீதான்னு சொன்னாங்க மாமா" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

ராஜம்மா மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "கொயவன்தாண்ணா சொன்னான். ஒன் வூட்டுக்கு ஒத்தப் பானை போவுதுன்னான். வந்த ஆளு ஈரத்துணியோட கீறான், மேல சட்டையில்ல, தட்டிப் பாக்கல, பேரம் பேசலன்னான். சாவுக்கு வாங்கறவன்தானே பேரம் பேச மாட்டான்? அதான் வண்டி புடிச்சி ஓடியாந்தேன்."

எனக்கு அந்த வழக்கம் தெரியாது. (எங்கள் குடும்பத்தில் சாவு விழும்போதெல்லாம் நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.) பாடைக்கென்று வந்த மூங்கிலை யாரோ என் தோளிலிருந்து பிடுங்கிக் கொல்லைப்பக்கம் எறிந்தார்கள். பூங்காவனம் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் கல்யாணப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று முடிவு கட்டினேன்.

கன்னையா என் கையிலிருந்த பானையை வாங்கி விரலால் தட்டினார். டொக்கென்றது.

"கீறல் வுட்டுக்கீது. இன்னாத்துக்குப் பேரம் பேசல?"

"உழைத்தவர் கேட்கும் விலையைக் குறைப்பது தவறு" என்றேன். கட்டுரையில் அந்த வரி கம்பீரமாக இருந்தது.

அவர் பானையைத் திண்ணையில் வைத்தார். வீட்டுக்குள் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏமே, இங்க வா. இவுரு கேட்டதக் குடுக்கறவரு, குடுத்தத வாங்கிக்கறவரு. சீர்வரிசைன்னு வந்து குந்திக்கினு ஒரு வார்த்த பேரம் பேச மாட்டாரு. எந்த ராஜ்யத்துல இருந்தா இன்னா, பொண்ணக் குடுத்துறலாம்."

அப்படித்தான் கல்யாணம் நடந்தது. நீளமான சீர்ப் பட்டியல் ஒன்றை எழுதி மடியில் வைத்திருந்த என் அப்பா, மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

அன்று அழ வந்த ராஜம்மா திரும்பிப் போகவில்லை. அடுப்பு மூட்டி, வடை சுட்டு, அண்ணனுக்குப் பரிமாறிவிட்டு மறுபடி கொஞ்சம் அழுதார். அடுத்த வருடம் அதே நாளில் வந்தார். அதற்கடுத்த வருடமும் வந்தார். வீட்டில் அந்த நாளுக்குக் 'கன்னையா தெவசம்' என்றே பேராகிவிட்டது. மாமனார் முதல் இலையில் உட்கார்ந்து, "செத்தவனுக்கு மொதல்ல வைங்க" என்று வடையைக் கேட்டு வாங்கித் தின்பார். இருபத்தாறு வருடம் தம் தெவசச் சாப்பாட்டை அவரே சாப்பிட்டார்.

இப்போது அவருக்கு வருடத்தில் இரண்டு தெவசம். நிஜமாக இறந்த திதிக்கு ஐயர் வருவார், நாங்கள் பத்துப் பேர் இருப்போம். நான் சாகடித்த நாளுக்குச் சொந்தபந்தம் எல்லாம் திரண்டு வருகிறது. இலை போதுவதில்லை. இலை வாங்கி வர மட்டும் என்னை யாரும் அனுப்புவதில்லை.