டீ ரூமின் நான்கு ரசிகர்கள்

லென்ஸ் பரிசோதகர் பலகையில் எழுதி நாலு நாளாகிவிட்டது. ஈ, காக்கைகூட பதில் எழுதவில்லை.

மூக்குக் கண்ணாடி செய்யும் அந்தப் பட்டறையின் டீ ரூமில் ஒரு வெள்ளைப் பலகை. ‘இந்த வாரம் என்ன கேட்டீர்கள்?’ என்று தலைப்பு. பெயர் போடக் கூடாது, புனைபெயர் போதும். அவர் எழுதியிருந்தார்: ‘புதிதாக வந்த பியானோ இசை. ஏழு நிமிஷம். நடுவில் அழுகை வரும். - பியானோ.’

மனுஷனுக்குக் காலையிலிருந்து மாலைவரை இருட்டறையில், ஒற்றை விளக்கடியில், லென்ஸில் கீறல் தேடுகிற வேலை. மனைவி போய் ஆறு வருஷம். வீட்டில் பாட்டுதான் துணை. ஆனால் கேட்டதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

ஐந்தாம் நாள், டீ ரூமில் கப் கழுவும் அக்காவைத் தவிர யாருமில்லாத நேரம் பார்த்து, இடது கையால், பச்சை மையில், கோணல்மாணலாக அவரே எழுதினார்: ‘பிரமாதம்! - வயலின்.’

தன்னைத் தானே மெச்சிக்கொள்வது கேவலமாக இருந்தது. மறுநாள் வயலினை விட்டே திட்ட வைத்தார்: ‘இன்னொரு தடவை கேட்டேன். தூக்கம்தான் வந்தது.’ பியானோவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது: ‘உமக்குக் காது இருக்கிறதா?’

திங்கட்கிழமை பலகையைப் பார்த்தவர் இரண்டு தடவை படித்தார். சிவப்பு மையில் மூன்றாவது ஆள்!

‘ரெண்டு பேரும் சண்டையை நிறுத்திட்டு இந்த ராப்பைக் கேளுங்க. வயித்தெரிச்சலை எல்லாம் கொட்டித் தீர்த்திருக்கு ஒரு பொண்ணு. - ராப்.’

மறுநாள் கறுப்பு மையில் நாலாவது: ‘இதெல்லாம் பாட்டா? ஒரே இரைச்சல். - மெட்டல்.’

அடடா, அந்த இரண்டு வாரமும் அவர் வாழ்ந்தார்! ராப் கேட்டார், பிடித்துப்போனது. கிடார் அலறும் மெட்டல் இசையையும் கேட்டார், காது அடைத்துப்போனது. இரண்டையும் எழுதினார். உடனுக்குடன் பதில் வந்தது.

அப்புறம் வந்தது வினை. ‘வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நாலு பேரும் இங்க டீ குடிப்போமா?’ என்று கேட்டது ராப்.

‘எனக்குக் காய்ச்சல்’ என்று இடது கையால் எழுதினார்.

‘முகவரி கொடுங்க, வந்து பாக்குறோம்’ என்றது மெட்டல்.

‘வெளியூர் போகிறேன்.’

‘காய்ச்சலோடயா? வயலின் வராட்டி நாங்களும் வரல.’

பதறிப்போய், ‘சரி, வருகிறேன்’ என்று எழுதித் தொலைத்தார்.

வெள்ளிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு, நாலு கப் டீயை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலே கால். நாலரை. டீயில் ஆடை படிந்தது. கடைசியில் கதவைத் திறந்துகொண்டு வந்தது, வாளியும் கையுமாகக் கப் கழுவும் அக்கா.

“யாரு வரணும் சார்?”

“மூணு பேரு.” அவர் ஆறிப்போன கப்பை நகர்த்தினார். “இல்லக்கா, ரெண்டு பேரு. வயலினும் நான்தான். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேக்கலாம்னு இருந்தேன். எப்படியோ தெரிஞ்சுபோய் வராம இருந்துட்டாங்க.”

“எனக்கு முதல் நாளே தெரியும். உங்க கப்புல பச்சை மை. நான்தானே கழுவுறேன்?”

“ஐயையோ! யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?”

அக்கா வாளியை ஓரமாக வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். ஒரு கப்பைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு இன்னொன்றையும் இழுத்தார்.

“யார்கிட்ட சார் சொல்றது? நீங்க ரெண்டு பேரா வந்து நிக்கிறப்போ, நான் மட்டும் ஒருத்தியா வந்தா நல்லாவா இருக்கும்?”