ஒரு காசு குறையாது

மார்ச் முதல் தேதி, தலைமை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், புதிய டிஜிட்டல் கேமராவின் விலை இருபதாயிரம் என்று அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் முடியும்வரை ஒன்றுகூட விற்கவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். கம்பெனி எந்தக் கேமராவையும் யானை விலைக்கு வெளியிடும்; அடுத்த மாடல் தலைகாட்டியதும் பழையதைப் பாதி விலைக்குக் கூவி விற்கும். ஜனங்கள் காத்திருக்கப் பழகிவிட்டார்கள்.

விலை நிர்ணயிக்கும் அதிகாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்தத் தடவை ஒரு காசு குறைக்க மாட்டேன்" என்றார் மேனேஜரிடம். "நாம இறக்க இறக்கத்தான் அவங்க கையைக் கட்டிட்டு நிக்கிறாங்க."

'இந்த விலை குறையாது' என்று விளம்பரம் கொடுத்தார்.

"என்ன மாமா, குறையப் போகுதா?" என்றான் மனைவியின் தம்பி.

"குறையாதுன்னுதானேடா போட்டிருக்கு!"

"யாரும் கேக்காமலே சொல்றீங்களே, அதான் சந்தேகமா இருக்கு."

மறுவாரம் ஆயிரம் ஏற்றினார். காத்திருப்பவர்கள் பதறியடித்து ஓடி வருவார்கள் என்று கணக்கு.

"அப்ப தள்ளுபடி நிச்சயம்" என்றான் மைத்துனன். "ஏத்தாம எப்படி இறக்குறது?"

அடுத்து ஓர் உத்தரவாதம். ஒரு வருஷத்துக்குள் விலை குறைந்தால், முன்பே வாங்கியவர்களுக்கு வித்தியாசம் திருப்பித் தரப்படும்.

"குறைச்சாத்தானே கொடுக்கணும்? நான்தான் குறைக்கப் போறதில்லையே!" என்று வீட்டில் மார்தட்டினார்.

மனைவி விளம்பரத்தை இரண்டு தடவை படித்தாள். "குறையும்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கே. எந்த மாசம்னு கேட்டுச் சொல்லுங்க, பக்கத்து வீட்டுல கேக்கறாங்க."

மே மாத நடுவில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். "மாசக் கடைசிவரைக்கும் பார்ப்பேன். அப்புறம் பாதி விலை."

"அதுக்கு வேற ஆளைப் பாருங்க. மாசக் கடைசிக்குள்ள சரக்கு தீரலைன்னா நான் வேலையை விட்டுடறேன்!"

மேனேஜர் சொன்னதையும் தன் பதிலையும் சாப்பாட்டு மேஜையில் சொன்னார். மனைவி கரண்டியை 'ணங்'கென்று வைத்தாள்.

"வீட்டு வாடகையை உங்க வீம்பு கட்டுமா?"

"போனா போகட்டும். வளைஞ்சு கொடுக்க மாட்டேன்!"

மைத்துனன் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் கிளம்பினான்.

மாதத்தின் கடைசி வாரம் அதிசயம் நடந்தது. அத்தனை கேமராவும் முழு விலைக்கு விற்றுத் தீர்ந்தது. மேனேஜர் எழுந்து வந்து கை குலுக்கினார்.

வெற்றியைக் கண்ணால் பார்க்க, கடைத்தெருவில் இருந்த பெரிய கேமராக் கடைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். அலமாரி காலி. வாசலில் மைத்துனன், கழுத்தில் புத்தம்புதுக் கேமராவோடு.

"நீயும் முழு விலைக்காடா வாங்கினே?"

"முழு விலைக்குத்தான் மாமா." அவன் அவசரமாக நழுவினான்.

அதிகாரி உள்ளே போய், கல்லாவில் இருந்த கடைக்காரம்மாவிடம், "பாத்தீங்களாம்மா? சொன்ன சொல்லுல நின்னா ஜனங்க மதிப்பாங்க" என்றார்.

"ஆமா சார். நீங்க வேலையை விட்டதும் விலை பாதியாகும், வித்தியாசம் கைக்கு வந்துடும்னு உங்க மச்சான் சொன்னாரு, எல்லாரும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. எப்ப சார் வேலையை விடறீங்க?"