எல்லாத்துக்கும் ஊர் கேட்ட காக்கா

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள் நான். பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு மட்டும்தான். ஆனாலும் உலகத்தில் எந்தச் சாமான் எந்தக் கரையிலிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லுவேன். கற்பிட்டியில் ஊரெது காக்காவுக்குச் சோறு போட்ட குசினி என்னுடையது.

ஊர் அண்ணன்மாரை எல்லாம் நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம், ஆனால் அந்த மனிசனைப் போல இன்னொரு ஆளை நான் கண்டதில்லை. பிறந்த அன்றைக்கு அழாமல், மருத்துவிச்சியைப் பார்த்து “ஒங்கட ஊரெது?” என்று கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

இளவயதில் உப்பு லொறியில் ஊர் ஊராகப் போனவர். மூட்டையை இறக்குகிற இடமெல்லாம் கேள்வி கேட்டிருக்கிறார். கிடைத்த பதில்களை எல்லாம் கொண்டுவந்து எங்கள் தலையில் இறக்கினார். தேத்தண்ணிக் கடையில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவன் சூடாகக் குடித்ததாகச் சரித்திரமே இல்லை.

“பொறு தம்பி, குடிக்காத. தேயிலச் செடிக்கு ஊரெது? சீனா. நட்டவன்? வெள்ளக்காரன். கொழுந்து ஆயிறவங்க? இந்தியாவால கப்பலேத்திக் கொண்டுவந்த சனம். இந்தப் பாண் ரொட்டி? வெள்ளக்காரனுக்கு முந்தி வந்த பறங்கி கொண்டுவந்தது. நீ என்ன செஞ்சாய்?”

“நான் காசு குடுத்தன் காக்கா. ஆறுது, குடிக்க உடுங்க.”

ஒருநாள் என் குசினி வாசலில் நின்று, “தங்கச்சி, மொளகா நம்மட சாமான் இல்ல தெரியுமா? கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து பறங்கி கொண்டுவந்தான்” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மீனாணத்தை இந்த ஊரில் ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

“அப்ப ஒங்கட மூத்தம்மாமார் மீனுக்கு என்னத்தப் போட்டாங்க?”

“மொளகு.”

அன்றைக்கு அவருக்கு மட்டும் மிளகாய் போடாமல் மிளகு மீன் ஆக்கி வைத்தேன். இரண்டு பிடி தின்றார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “தங்கச்சி, அந்தப் பறங்கிச் சாமான்ல கொஞ்சம் போடன்” என்றார்.

இன்னொரு நாள், கடலில் பட்டம் பிடித்து ஓட வருகிற வெள்ளைக்காரர்களில் ஒருத்தனைக் கையைப் பிடித்து என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். கால் உடைந்த கதிரையைக் காட்டி, “ஒங்கட ஆக்கள் கோட்டை கட்டக்குள்ள விட்டுட்டுப் போன வேல. செஞ்சி குடு” என்றார். எங்கள் கோட்டையைக் கட்டினது ஒல்லாந்தர். அந்தப் பொடியன் ஒல்லாந்துப் பக்கமே போகாதவன், ரஷ்யாக்காரன். ஆனாலும் நல்ல பிள்ளை. பட்டத்து நீலக் கயிற்றால் கதிரைக் காலை இறுக்கிக் கட்டித் தந்து, சோறும் தின்றுவிட்டுப் போனான்.

கழுதை விஷயம் தனி. எங்கள் பக்கம் ரோட்டெல்லாம் கழுதை. என் முருங்கைக் கன்றைத் தின்ற கழுதையை நான் விளக்குமாற்றால் அடிக்க ஓடினால், காக்கா குறுக்கே வந்து நிற்பார். “அடிக்காத! அரபுக் கப்பல்ல வந்த விருந்தாளி!”

ஊரார் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சட்டி கழுவும்போது அவர் சொன்னதெல்லாம் திரும்பி வரும். ஒருதடவை சொன்னார்: “உப்பளத்தான் வெயில் கேட்டுத் துஆ செய்யிறான். வெங்காயம் போட்டவன் மழை கேக்கிறான். ரெண்டு பேரும் ஒரே பள்ளியில, ஒரே சப்பில தோளோட தோளா நிக்கிறாங்க. மனிசன் வேற வேற இல்ல தங்கச்சி. அவன்ட தொழிலும், அவன்ட கரைக்கு வந்த கப்பலும்தான் வேற வேற.” சிலாபப் பக்கத்து மீன்காரச் சனம் தமிழில் செபம் சொல்லிச் சிங்களத்தில் சண்டை பிடிக்கிறதும் அப்படித்தான் என்பார்.

இனி என் கடைசி மகள் ஹசீனாவின் கதைக்கு வருகிறேன்.

அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பேசி வந்தது. வெங்காய லொறி ஓட்டுகிற பொடியன், தொழுகையாளி. ஹசீனாவுக்கும் பிடித்தது, எனக்கும் பிடித்தது. ஆனால் அவன் மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. யுத்த காலத்தில் வடக்கிலிருந்து முஸ்லிம் சனத்தை உடுத்த உடுப்போடு விரட்டினார்களே, அப்போது தோணியில் எங்கள் கரையில் வந்து இறங்கின குடும்பம். அவன் அன்றைக்கு உம்மாவின் மடியில் கைப்பிள்ளை. ஓலைக் கிடுகுக் கொட்டிலில்தான் வளர்ந்தான்.

என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. “ராத்தாட வாயால வரட்டும்” என்றார். ராத்தா அவருடைய அக்கா, எனக்கு மதினி; அவ சொல்லிவிட்டால் அந்தக் குடும்பத்தில் மறுகதை கிடையாது. மதினி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டா: “வந்தான் வரத்தானுக்கா பொண்ணு?” ஹசீனா சண்டை பிடிக்கவில்லை. “இவர் இல்லாட்டி எனக்குக் கலியாணமே வேணாம் உம்மா” என்றாள், அவ்வளவுதான். அவள் எதையும் இரண்டாம் தடவை சொல்லுகிற பிள்ளை இல்லை.

ஒருநாள் அசர்த் தொழுகைக்குப் பிறகு, பேச்சை ஒரேயடியாக முறித்துவிட மதினி வந்தா. நீலக் கயிறு கட்டின கதிரையில் இருந்து, வெத்திலைத் தட்டத்தைத் திறந்தா. அந்த நேரம் பார்த்து ஊரெது காக்கா கருவாட்டுக் கூடையோடு வாசலில். மதினி அன்றைக்கு ஒரு பிழை விட்டா. அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டா.

“காக்கா, எல்லாத்துக்கும் ஊர் கேக்கிறீங்களே, எங்கட வம்சத்து மூத்தவருக்கு ஊரெது? இவளுக்குச் சொல்லுங்க!”

காக்கா கூடையை இறக்கினார். “அரபு ராத்தா.”

மதினி என்னைப் பார்த்தா. “கேட்டுக்க.”

“கப்பல்ல வந்தவர்.”

“கேட்டுக்க!”

“கழுதையோட.”

“என்னது?”

“ஏவாரத்துக்கு வந்தவர் ராத்தா. சாமான் சுமக்க வேணுமே.”

என் வீட்டுக்காரர் இருமுகிற சாட்டில் வாயைப் பொத்திக்கொண்டார். காக்கா சிரிக்கவில்லை. அவர் பகிடிக்குப் பேசுகிற ஆளே இல்லை.

“அவரு பொண்டாட்டியக் கூட்டிட்டா வந்தாரு?”

“அந்தக் காலத்துக் கப்பல்ல யாரு பொம்புளைகள ஏத்தின? தனியத்தான் வந்தாரு.”

“அப்ப இந்தக் கரையில யாரோ ஒரு உம்மா அவருக்குப் பொண்ணு குடுத்திரிக்கா. பாசை தெரியா, குடும்பம் தெரியா. ஊரெது என்டு கேட்டா கடலக் காட்டியிருப்பாரு. அந்த உம்மா, வந்தான் வரத்தானுக்கு என்ட புள்ள இல்ல என்டு சொல்லியிருந்தா, ராத்தா, இந்தக் கதிரையில இன்டைக்கு யாரு குந்தியிரிக்கிற?” கடல் பக்கம் கையைக் காட்டினார். “இந்தப் பொடியனும் கடலாலதான் வந்தான். அவரு ஏவாரத்துக்கு வந்தாரு. இவன் உசிரக் காப்பாத்த வந்தான்.”

மதினி வெத்திலைத் தட்டத்தை மூடிக் கதிரைக்குக் கீழே வைத்தா.

அந்த அரபி மூத்தவரின் புகழைக் கலியாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்த உம்மாவைப் பற்றி ஒருநாளும் யாரும் சொல்லவில்லை. நானும் நினைத்ததில்லை. அவவின் பேர் கூட இல்லை. மருமகன் வந்த அன்றைக்கு அவ மிளகு போட்டுத்தான் மீன் ஆக்கியிருப்பா. எனக்கு என்ன வந்ததோ, எழும்பி நின்றேன்.

“மதினி, அந்த உம்மா குடுத்தா. நானும் குடுக்கிறன்.”

அந்த வீட்டில் மதினிக்கு முன்னால் நான் எழும்பிக் கதைத்தது அதுதான் முதல் தடவை. அவ எழும்பினா. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டா. “முடிஞ்சிது” என்றார் என் வீட்டுக்காரர். காக்கா மட்டும் கீழே பார்த்து, “தட்டத்த விட்டுட்டுப் போறா. வருவா” என்றார்.

மூன்று நாள் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. நாலாம் நாள் வந்தா. “தட்டத்த எடுக்க வந்தன்” என்றா. ஆனால் எடுக்கவில்லை, கதிரையில் இருந்தா. வெத்திலை போட்டா. ஹசீனா கதவுச் சீலைக்குப் பின்னால் மூச்சு விடாமல் நிற்கிறாள். மதினி சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டா:

“மாப்புளட பக்கம் எத்தின பேரு வருவாங்க? கலியாண வட்டிலப்பத்துக்கு முட்டை சொல்லணும்.”

வாசலில் இருந்து ஒரு குரல்: “வட்டிலப்பம் மலாய்க்காரங்கட...”

“வாயப் பொத்துங்க காக்கா!” என்று நாங்கள் எல்லாரும் ஒன்றாகக் கத்தினோம். மதினியின் சத்தம்தான் பெரிது. ஆனால் அவவுக்குச் சிரிப்பு வந்ததை நான் கண்டேன்.

ஹசீனாவுக்குப் பிள்ளை கிடைத்த கிழமை காக்கா பார்க்க வந்தார். அப்போதே கண் மங்கல், கால் தடுமாற்றம். பிள்ளையைக் கையில் வாங்கினார். கேட்கப்போகிறார் என்று வீடே காத்துக்கொண்டிருந்தது. அவர் நெடுநேரம் முகத்தைப் பார்த்தார், கன்னத்தைத் தொட்டார், திருப்பித் தந்தார். ஊரெது என்று கேட்கவே இல்லை. அடுத்த மாரிக்கு அவர் மௌத்தானார். அவரை அடக்கின பக்கம் கழுதை மேய்ந்தால் இன்றைக்கும் நான் விரட்டமாட்டேன்.

இந்தா பேத்தி, எழுதி முடித்துவிட்டேன். எழுத்துக் கோணல்தான், உனக்கு விளங்கும். ஒருக்கா வாசித்துக் காட்டு. அவர் உன்னைக் கையில் வாங்கின இடத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாக வாசி.