வெடிக்காத எரிமலை

ராக் பேண்ட் என்றால் கூடவேண்டும், உச்சிக்குப் போகவேண்டும், சண்டை போட்டுப் பிரியவேண்டும். பெரிய பேண்டுகளுக்கு இதற்கு வருஷக்கணக்காகும். நாங்கள் ஒரே பாட்டில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டோம்.

தொண்ணூறுகளில், மந்தைவெளியில் நான் தலைமுடி வளர்த்துக்கொண்டிருந்த காலம் (காதைத் தாண்டவில்லை என்பது வேறு விஷயம்). நான்தான் பாடகன். கிடார் யூசுஃப், பாண்டி பஜாரில் அவன் அத்தாவின் சூட்கேஸ் கடை மாடியில்தான் ஒத்திகை. டிரம்ஸ் சேஷாத்ரி. மிருதங்கம் கற்றவனைக் கெஞ்சி இழுத்து வந்திருந்தோம்.

பாட்டின் பெயர் 'எரிமலை'. என் சொந்தத் தயாரிப்பு! முதலில் கிடார், அப்புறம் கொஞ்சம் டிரம்ஸ், உடனே நான் ஒரு அலறல் அலறிப் பாட ஆரம்பிக்கவேண்டும். அந்த அலறலைத் திருவான்மியூர் கடற்கரையில் பழகினேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் பதறி ஓடி வந்தார்.

"இன்னா நைனா, எதுனா கட்ச்சிடுச்சா?"

அடையாறில் ஒரு கல்லூரி விழாவில் போட்டி. அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "ஜெயிச்சுட்டு வா, ஒரு வருஷம் உன் இஷ்டம். தோத்தா பேங்க் பரீட்சை. அப்புறம் ஆத்துல பாட்டு கீட்டுன்னு மூச்சு விடப்படாது."

சொன்னவர் சொந்தபந்தங்களோடு வந்து முன்வரிசைகளை நிரப்பிவிட்டார். யூசுஃபின் கிடார் முதல் மீட்டிலேயே அரங்கத்தை எழுப்பிவிட்டது. பின்வரிசைப் பையன்கள் நாற்காலிமேல் ஏறி விசிலடித்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

சேஷாத்ரி டிரம்ஸைத் தொட்டான். பிரமாதமாக வாசித்தான். பாழாய்ப்போன என் கை தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. போதாததற்கு மைக்கிலேயே "சபாஷ்!" என்றேன்.

கச்சேரியில் பாடகர் தாளம் போட்டு சபாஷும் சொன்னால் என்ன அர்த்தம்? தனி ஆவர்த்தனம், இஷ்டம்போல் வாசிக்கலாம் என்று அர்த்தம். சேஷாத்ரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

முன்வரிசைக்கும் அர்த்தம் புரிந்துவிட்டது. அப்பா எழுந்தார். "தனி விட்டாச்சு. வாங்கோ, ஒரு காபி சாப்ட்டு வந்துடலாம்." சபாவில் பழகிய கால்கள், சொந்தபந்தம் மொத்தமும் கேன்டீனுக்கு நடந்தது. அவர்கள் பின்னாலேயே, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நடுவரும்!

"மச்சி, முடிச்சுடு!" என்று யூசுஃப் கெஞ்சினான். தனியின் முடிவில் வரும் கோர்வையை மூன்று தடவை வாசித்து முடிக்காமல் எழுந்தால் குருத் துரோகம் என்பதுபோல் சேஷாத்ரி தலையாட்டி மறுத்தான். எங்கள் நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. திரை மூடத் தொடங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பழகிய அலறல் அத்தனையும் சேர்ந்து வெளியே வந்தது:

"நிறுத்துடா டேய்!"

அந்தப் பாட்டில் நான் பாடியது அவ்வளவுதான்.

சிறந்த தாள வாத்தியக்காரர் கோப்பை சேஷாத்ரிக்கு. (நடுவர் கேன்டீனிலிருந்தே கேட்டு ரசித்தாராம்.) வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பேண்ட் உடைந்தது.

"நீதானேடா சபாஷ் சொன்னே?" என்றான் சேஷாத்ரி, கோப்பையை அணைத்துக்கொண்டு. அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்தேன். பேங்க் பரீட்சையில் முதல் தடவையே தேறியது தனிச் சோகம்.

குடும்பத்தில் என் ஹிட் பாட்டு இன்றுவரை அந்த ஒரு வரிதான். போன மாதம் தங்கை பெண்ணின் ரிசப்ஷனில் "மாமா, உங்க பாட்டு!" என்று பிடித்துத் தள்ளி, மேடையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். ஆர்க்கெஸ்ட்ரா முழங்கிக்கொண்டிருந்தது. மூச்சைப் பிடித்து, "நிறுத்துடா டேய்!" என்றேன்.

டிரம்ஸ்காரர், பாவம், முன்பின் தெரியாதவர். பயந்துபோய் உடனே நிறுத்திவிட்டார்.

இந்த மனிதர் அன்றைக்கு எங்கே போயிருந்தார்?