நோர்வே அக்கா கேட்ட ஒற்றைச் சொல்

பெண் பார்க்கப் போய் அசடு வழிந்தவர்கள் பலர். மாப்பிள்ளை பார்க்க வந்தவரையே மூச்சுத் திணற வைத்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ஐந்தாம் மாடியில் எனக்கு ஓர் ஒற்றை அறை. கட்டிலும் அதற்குள், அடுப்பும் அதற்குள். யாழ்ப்பாணத்தில் இருந்த வசந்தியை எனக்குப் பேசியிருந்தார்கள். அவளுடைய அண்ணன் நேசன், நோர்வேக்கார மனைவி இங்கருடன் என்னைப் பார்க்க வந்தார். அவர்கள் சரி என்றால்தான் கலியாணம்.

நண்டுக்கறி வைத்தேன். (ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவுகிறவனுக்குச் சமையல் தானாக வரும் என்று நம்பியிருந்த காலம்.)

"தம்பி, இவவுக்குக் கொஞ்சம் தமிழ் விளங்கும். நான் கீழை போய்ச் சோடா வாங்கியாறன்" என்று நேசன் இறங்கிப் போனார்.

செத்தல் மிளகாயைக் கொதிக்கிற எண்ணெயில் போட்டேன். இங்கர் இருமினார். பிறகு, "வின்டு!" என்றார்.

எனக்குப் புல்லரித்தது. வெந்துவிட்டதா என்று தமிழில் கேட்கிறார்!

"ஓம் அக்கா, நல்லா வெந்திட்டுது!"

"வின்டு! வின்டு!" அவர் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

நம்பவில்லைப் போலும் என்று ஒரு நண்டுக் காலை எடுத்து, ஊதி, முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு யன்னலுக்குப் பாய்ந்தார். குளிருக்காக நான் ஒட்டிவைத்த டேப்பை நகத்தால் கிழித்து, பாதி உடம்பை வெளியே போட்டு மூச்சு வாங்கினார். தெருவில் சோடாவோடு வந்த நேசன் அண்ணாந்து பார்த்து, "ஐயோ, குதிச்சுப்போடாதை!" என்று தமிழிலேயே கத்தினார்.

கலியாணம் போச்சு என்று மூலையில் நின்றேன். மேலே ஓடிவந்து நடந்ததைக் கேட்ட நேசன் தலையில் கை வைத்தார். "வின்டு எண்டால் யன்னல், தம்பி!"

இங்கர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கினார். பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நேசன் மொழிபெயர்த்தார்: "அவையின்ரை பழைய மொழியிலை 'வின்ட்' காத்து, 'அவ்கா' கண். ரெண்டும் சேர்ந்துதான் வின்டு, காத்தின்ரை கண். அந்தக் காலத்து வீடுகளிலை கூரையிலை ஒரு ஓட்டைதானாம், அடுப்புப் புகை போறதுக்கு. அந்தச் சொல்லு ஏன் வந்ததெண்டு இண்டைக்குத்தான் இவவுக்கு வடிவா விளங்கினதாம்!"

யன்னலை அகலத் திறந்து, மூவரும் கோட்டுப் போட்டபடியே நண்டு சாப்பிட்டோம். போகும்போது படியில் நின்று இங்கர் ஏதோ சொன்னார்.

"இருமிச் சாகிற மனிசிக்கும் சாப்பாடு நீட்டினவன், வசந்தியைப் பட்டினி போடமாட்டானாம்" என்றார் நேசன். அவர் குரலில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் முடிவு இங்கருடையது.

வசந்தி வந்தாள். நகரத்துக்கு வெளியே பொண்டிக்குக் குடிபோனோம். பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். இங்கர் அக்கா இன்றும் தொலைபேசி எடுத்தால் சுகம் விசாரிப்பதற்கு முன், தான் பாடமாக்கிய தமிழில் கேட்பார்: "தம்பி, யன்னல் திறந்திருக்கோ?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் எவ்வளவு குளிரானாலும் எழுந்துபோய், யன்னலைத் திறந்துவிட்டுத்தான் "ஓம் அக்கா" என்பேன்.