ரொக்கமாக ஒரு பிறந்தநாள்

பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சுதந்திரம் வழங்கிய வரலாற்றை யாராவது எழுதுவதாக இருந்தால், முதல் அத்தியாயத்தைத் தூத்துக்குடி தேவபிரசாதத்துக்கு ஒதுக்கிவிட வேண்டும். இரண்டாவது அத்தியாயத்துக்கு ஆள் கிடைப்பது சிரமம்.

தேவபிரசாதம் கப்பல் சரக்கு ஏஜென்சி ஒன்றில் தலைமை எழுத்தர். அது 1974. துறைமுகமே புதிதாகும்போது தாம் மட்டும் பழையபடி இருப்பது முறையல்ல என்று அவருக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. பம்பாயிலிருந்து மாற்றலாகி வந்த மானேஜர், மகன் பிறந்தநாளுக்கு உறையில் பணம் போட்டுக் கொடுத்து, "உனக்கு வேண்டியதை நீயே வாங்கிக்கொள்" என்று இங்கிலீஷில் சொன்னதாகச் செய்தி வந்த அன்று, தேவபிரசாதம் மத்தியானம் சாப்பிடவில்லை.

அவருடைய ஒரே மகள் தேவகனிக்கு அந்தப் புதன்கிழமை பதினேழு வயது நிறைந்தது. முந்தைய பிறந்தநாள்களில் அவளுக்குப் பித்தளைக் குடம், இட்லிக் கொப்பரை, எவர்சில்வர் தூக்கு ஆகியவை 'பரிசாக' வழங்கப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் அவள் பெயர் வெட்டியிருந்தது. எல்லாம் வாங்கிய அன்றே பரணில் ஏறின. கல்யாணத்தன்று அவள் அவற்றை மறுபடி சந்திப்பாள் என்பது ஏற்பாடு.

இந்த முறை தேவபிரசாதம் ஆபீஸ் தாளில் ஓர் ஆணை தயாரித்தார். இருபது வருஷம் நோட்டு எழுதியவர் முதன்முறையாக நோட்டு நீட்டப்போகிறார் என்பதால், வாசகத்தை மூன்று தடவை திருத்தினார். காலை ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்று வாசித்தார்.

"பொருள்: பிறந்தநாள் பரிசுக்குப் பதில் ரொக்கம் வழங்குவது தொடர்பாக. ரூபாய் இருபத்தைந்து மட்டும். மேற்படித் தொகையைப் பெறுபவர் தம் விருப்பம்போல், எவருடைய முன் அனுமதியும் இன்றி, எதற்கும் செலவிடலாம்."

அவர் மனைவி அற்புதமணி இடுப்பில் கை வைத்தாள். "இருவத்தஞ்சு ரூவாயா? ஒரு பித்தளக் குத்துப்போணி வாங்கிப் பரண்ல போட்டா காலத்துக்கும் கெடக்குமே."

"ஏளா, காலம் மாறுது. பிள்ளைக்குச் சுயமா யோசிக்கத் தெரியணும்."

"எதுக்கு?" என்றாள் அற்புதமணி.

நியாயமான கேள்விதான். ஆணையில் அதற்குப் பதில் இல்லை.

தேவகனி பணத்தையும் தாளையும் வாங்கினாள். தாளை இரண்டு தடவை படித்தாள். "எதுக்கும்னா எதுக்கும்தானேப்பா?"

"எதுக்கும்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் எழுதிய வாசகத்தை அதுவரை யாரும் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

பதினோரு மணி டீ வேளையில் ஆபீஸுக்குச் செய்தி வெளியிடப்பட்டது. டைப்பிஸ்ட் ரோச் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"கணக்கே கேக்க மாட்டீங்களா அண்ணாச்சி?"

"கேட்டா அதுக்குப் பேரு சுதந்திரமாலே?"

"பம்பாய்க்காரன் தோத்தான்" என்றார் ரோச். இதைத் தேவபிரசாதம் மறுக்கவில்லை.

இதற்கிடையே ஒரு சின்ன விஷயம். தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டை மரக்கடை முதலாளி, அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குடும்பத்தோடு வந்து, தம் மகனுக்குத் தேவகனியைப் பேசி முடிப்பதாக இருந்தது. மாப்பிள்ளையின் வயது, படிப்பு, மரக்கடையின் நீள அகலம் எல்லாம் தேவபிரசாதம் விசாரித்தாயிற்று. பெண்ணின் சம்மதம் மட்டும் விசாரிக்கப்படவில்லை. மறதி அல்ல, அப்படி ஓர் இனம் உண்டு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை, தேவகனி பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, ஞாயித்துக்கெழம..." என்று ஆரம்பித்தாள். "சேலை அம்மா எடுத்து வச்சிருக்கா" என்று அவர் முடித்துவைத்தார்.

ஞாயிறு வந்தது. கேசரி கிண்டியாயிற்று. 'ஆபீஸ் தரப்பு' சார்பில் ரோச் சலவைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு மணி ஆயிற்று. பன்னிரண்டரைக்குப் புதுக்கோட்டை பஸ்ஸிலிருந்து மரக்கடைக் கணக்குப்பிள்ளை மட்டும் இறங்கி வந்து ஒரு கடிதம் கொடுத்தார். எந்தத் தாளையும் நின்றுகொண்டு உரக்க வாசிப்பது தேவபிரசாதத்தின் வழக்கம்.

"'அன்புள்ள ஐயா, தங்கள் தந்தி கிடைத்தது. மகளுக்கு விருப்பமில்லை, வர வேண்டாம் என்று முன்கூட்டியே தெரிவித்ததற்கு நன்றி. மகளிடம் சம்மதம் கேட்டு, அவள் சொன்னதை மதித்து நடக்கும் தகப்பனை இந்த வட்டாரத்தில் நான் கேள்விப்பட்டதே இல்லை...'"

முதல் வரியிலேயே குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் ஆரம்பித்ததைப் பாதியில் விட அவருக்குத் தெரியாது.

"தந்தி வேற அடிச்சீங்களா அண்ணாச்சி?" என்றார் ரோச்.

தேவபிரசாதம் மகளைப் பார்த்தார். அவள் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். பார்வை இறங்கவில்லை. தம் பெயரைப் போட்டு இவளே தந்தி அடித்திருக்கிறாள் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் வட்டாரத்திலேயே பெரிய தகப்பன். ரத்தம் தலைக்கு ஏறியது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். இறங்கியது.

"ஆமா. நான்தான் அடிச்சேன்."

ரோச் எழுந்து வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அற்புதமணி கேசரிச் சட்டியை மூடினாள். தேவகனி செம்பை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

கணக்குப்பிள்ளை போகவில்லை. பையிலிருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்தார்.

"எங்க மொதலாளிக்கும் ரெண்டு பொண்ணு உண்டும்யா. மூத்தவளுக்கு மாப்பிள பாக்காவ. பொம்பளப் பிள்ளகிட்ட சம்மதத்த எப்படிக் கேக்கதுன்னு அவுகளுக்கு வெளங்கல. நீங்க என்ன சொல்லிக் கேட்டீங்களோ, அத அப்படியே எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாவ."

"ஒரு நிமிஷம்" என்று தேவபிரசாதம் அடுக்களைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஏளா, நான் ஒங்கிட்ட எப்படிக் கேட்டேன்னு எழுதட்டும்?"

தேவகனியும் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க எங்கப்பா கேட்டீங்க? ஒரு வார்த்த கேட்டிருந்தா சும்மாவே முடிஞ்சிருக்கும். தந்தி ஆபீஸ்ல நீங்க தந்த ரூவாயிலருந்து எட்டு வார்த்தைக்குக் காசு வாங்கிட்டாவ."